மன்னாரை ஆராய்வோர் மன்னாருக்குக் கூறுவதென்ன?

(மன்னாரில் பட்டப்பின் படிப்பு மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரை)



ஆட்சிமுறையையும் பொதுக் கொள்கையையும் சமூகத்தையும் ஆராய்ந்து முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெற முனைந்திருக்கும் இளைஞர்கள் இங்கே கூடியிருக்கின்றீர்கள். உங்களை வாழ்த்தும்படி எம்மை அழைத்தனர். வாழ்த்திவிட்டு மேடையை விட்டு இறங்குவது எமக்கு எளிது. உங்களுக்கு அதனால் பயனொன்றுமில்லை. ஆகவே, ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கின்றோம். மன்னாரைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ச்சி நடந்து வருகின்றது. அந்த ஆராய்ச்சிகளில் எழுப்பப்பட்ட வினா யாருடைய வினா? கிடைத்த விடை யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது?

முத்திலிருந்து தொடங்குவோம். மன்னார்க் கடலில் 1891க்குப் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார்களில் சிப்பி தங்கவில்லை. கஜானாவுக்கு வருவாய் வரவில்லை. காரணம் யாதெனக் கண்டறியும்படி 1902இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹேட்மன் இங்கு அனுப்பப்பட்டார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்குத் துணையாக வந்தார். இருவரும் கடலடியைத் துழாவி ஆராய்ந்தனர். 1903 முதல் 1906 வரை அவர்களது அறிக்கை ஐந்து பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. கரைக்குத் தொலைவிலுள்ள பெரிய பாரில் தோன்றும் இளஞ்சிப்பிகள் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளால் மண்மூடியும் அடித்துச் செல்லப்பட்டும் அழிகின்றன. அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றி வளர்க்க வேண்டும் என்று அவர்கள் எழுதினர். முத்து உண்டாவதற்கு நாடாப்புழுவின் குஞ்சே காரணமென்றும் ஹேட்மன் நம்பினார். அக்கொள்கை பிற்காலத்தில் நிலைக்கவில்லை. அறிஞர் தவறுவதும் உண்டு, அது குற்றமன்று.

எமது கவனம் வேறிடத்தில் நிற்கின்றது. 1905ஆம் ஆண்டுச் சலாபம் பெரும் வருவாயைக் கொட்டிற்று. மறு ஆண்டே பார்கள் அனைத்தும் ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகைக்கு, இருபது ஆண்டுகளுக்கு, ஒரு லண்டன் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. கம்பனியோ 1912இல் கலைந்தொழிந்தது. எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு முக்குளிப்போருக்கு, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு என்பது பழைய வழமை. மூச்சை அடக்கிக் கடலுள் இறங்கிய அந்த மனிதன் எவ்வாறு வாழ்ந்தான், எத்தனை ஆண்டு வாழ்ந்தான் என்பது ஹேட்மனிடம் விடப்பட்ட வினா அன்று. அனுப்பியவர்கள் வருவாயைத் தேடினர். ஆகவே அவர் சிப்பியைத் தேடினார். தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அரிப்பிலே கட்டிய மாளிகை இடிந்து கடலை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கின்றது. போய்ப் பாருங்கள். கரையிலிருந்து பாராமல் மாடியிலிருந்து பார்த்தவர்களின் வீடு அது.

அன்று முத்துச் சலாபத்தின் கூடாரங்கள் நிறைந்திருந்த மரிச்சுக்கட்டியிலேயே வேறொரு விதமான ஆராய்ச்சியும் பிற்காலத்தில் நிகழ்ந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் யாவரும் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் ஏனைய ஊர்களிலிருந்தும் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். தமிழ் பேசும் மக்களுக்குத் தமிழரின் பெயராலேயே இழைக்கப்பட்ட இக்கொடுமையைத் தமிழ் மேடையில் நின்று மறைத்துப் பேச எமக்கு மனம் வரவில்லை.

புத்தளத்து அகதி முகாம்களில் அவர்கள் இடம்தேடி வாழ்ந்த வாழ்க்கையை ஆராய்ந்து கத்ரின் புரூன் என்னும் நோர்வே நாட்டு மாணவி 2003இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது நூல் பின்னர் கொழும்பிலும் வெளிவந்தது. நல்ல நூல், ஆனால் ஆங்கில நூல். எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனையில் புவியியற் பேராசிரியராக விளங்கிய எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தம் மக்களின் கணக்கைத் தாமே எடுக்கத் துணிந்தார். எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பம், எவ்வளவு நிலம், எவ்வளவு உடைமை என்று ஆண்டாண்டாகத் திரட்டினார். யுத்தம் 2009இல் முடிந்தபின் முசலித் தெற்குக்கு மக்கள் திரும்பியபோது, அவர்களுடைய பழைய காணிகள் வனப் பகுதியாகிவிட்டன என்ற தடை குறுக்கே நின்றது. காடழிக்க வந்தவர்கள் என்ற பழியும் அவர்கள் மீது விழுந்தது. அப்பொழுது, 2015இல், அக்காணிகளின் வரலாற்றை முன்வைத்து ஹஸ்புல்லாஹ் ஒரு நூல் எழுதினார். பல ஆண்டாகச் சேர்த்துவைத்த கணக்கு உரிய வேளையில் ஒரு மக்களின் வாயாயிற்று. 2018இல் அவர் மறைந்தார். அவருடைய முடிவுகளோடு மாறுபடுவோர் உண்டு. மாறுபடுவோரும் அவருடைய கணக்கைப் படித்தே மாறுபட வேண்டியிருக்கின்றது.

உங்களுள் சிலர் வினாக்கொத்தும் கையுமாக ஏற்கனவே கிராமங்களுக்குச் சென்று வந்திருப்பீர்கள். யுத்தத்துக்குப் பின் இக்கரையில் எத்தனை வினாக்கொத்துக்கள் நிரப்பப்பட்டன! நிவாரணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. ஆகவே, தாள் நீட்டுபவரைக் கண்டால் பேசாலையிலுள்ள தாய் முதலில் நினைப்பது, “இவர் என்ன கொண்டு வந்திருக்கின்றார்?” என்பதே. வீட்டில் எத்தனை பேர் உழைக்கின்றார்கள் என்று நீங்கள் கேட்டால், உழைப்பவர் தொகை குறையும். கடன் எவ்வளவு என்று கேட்டால் கூடும். அவர் பொய்யர் அல்லர். அத்தாளைப் பற்றி அவருக்கு உள்ள அனுபவம் உங்களுக்கு இல்லை, அவ்வளவே. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கரைவலை இழுக்கும் இடத்தில் இரண்டு வாரம் நின்று பாருங்கள். சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் பங்கு பிரிக்கும் வேளையில் நீங்கள் கேட்பது எந்த வினாக்கொத்திலும் வராது.

இப்பொழுது இந்நாளின் வினாவுக்கு வருவோம். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் கொண்ட தம்பபவனி நிலையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு மெகாவாற்று மின்சாரம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். அதன்பின் அதானி நிறுவனத்தின் பெருந்திட்டம் வந்தது. வலசைப் பறவைகளின் வழியை அது மறிக்கும் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் திட்டத்திலிருந்து விலகிற்று. ஆயினும் வேறு காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வரவிருந்ததனால், அவ்வாண்டு ஓகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினர். காற்றாலைக்கான பாரிய பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை இரவில் மறித்தனர். அரசாங்கம் ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தது. செப்டெம்பர் இறுதியில் பொலிசார் மக்கள்மீது பாய்ந்தனர்.

காற்றாலைகள் வந்தபின் மழைவெள்ளம் வடிவதில்லை, கரையோரம் மீன் குறைந்துவிட்டது என்று மக்கள் முறையிடுகின்றனர். மக்கள் கூறுவதனாலேயே அது மெய்யாகிவிடாது. அதிகாரிகள் மறுப்பதனாலேயே பொய்யாகியும் விடாது. நிலத்தை மேடாக்கிப் பாதை போட்டால் பழைய நீரோட்டம் மறிபடக்கூடும். மழையின் அளவு கூடியதாலும் வெள்ளம் தேங்கக்கூடும். வீடுகளும் மதில்களும் வாய்க்கால்களை அடைத்ததனாலும் ஆகலாம். எது எவ்வளவு? இதனைச் சொல்ல ஆண்டுதோறும் எடுத்த அளவுகள் வேண்டும். இதுவே உங்கள் துறையின் வேலை. பறவைகளுக்காக வாதாடியவர்களை நாம் குறை கூறவில்லை. வங்காலைச் சதுப்புநிலம் 2010இல் உலக முக்கியத்துவமுடைய ராம்சார் நிலமாக ஏற்கப்பட்டது எமக்கும் பெருமையே. கிணற்றடியில் முழங்கால் நீரில் நிற்கும் பெண்ணையும் யாராவது எண்ண வேண்டும் என்றே கேட்கின்றோம்.

அதிகாரிகள் தாள்களைக் காட்ட மாட்டார்கள் என்று அஞ்ச வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டுள்ளது. தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவோம் என்றோ மறுப்போம் என்றோ அவர்கள் முடிவு கூறியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடும் உண்டு. சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். தடித்த அந்த அறிக்கையை முப்பது நாளில் படித்து மறுப்பெழுத ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தால் ஆகுமா? நீங்கள் படித்து, பத்துப் பக்கத் தமிழில் சுருக்கிக் கொடுத்தால் ஆகும். உங்கள் சொந்த ஆய்வையும் அவ்வாறே சுருக்கி, கேட்ட ஊரிலேயே கோயில் முற்றத்திலும் பள்ளிவாசல் முன்றிலிலும் வாசித்துக் காட்டுங்கள். பரீட்சகர் காணாத பிழையை அங்கே ஒரு கிழவர் காண்பார்.

கார்த்திகை மழைக்கு நாளிருக்கின்றது. தாழ்ந்த ஒழுங்கைகளிலும் கிணறுகளிலும் அளவுக் கோல்களை இப்பொழுதே நட்டுவிடலாம். நீர் எங்கே முதலில் ஏறும், எங்கே இறுதியாக வடியும் என்பது அவ்வொழுங்கைப் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு, கோல்களை நடுங்கள்.