பெட்டி கட்டும் முன்னே
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கிய பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்தினீர்கள். நான் பேச வந்ததோ, இந்த மேடைக்கு வர முடியாமல் போன பிள்ளைகளைப் பற்றி.

தோட்டத்தை விட்டுப் பட்டணம் போவது நமக்குப் புதிதல்ல. 1970இல் தீபகற்ப மலேசியாவில் இந்தியருள் நூற்றுக்குச் சுமார் 35 பேர்தாம் பட்டணவாசிகள். 2000ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அது சுமார் 80 ஆகிவிட்டது. முப்பதே வருஷத்தில் ஒரு சமுதாயமே இடம் மாறிவிட்டது!

காரணம் என்ன? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகவே போதும். பிறகு வீடு கட்டவும் சாலை போடவும் தோட்ட நிலமே கைமாறியது. லயத்து வீடு நமக்குச் சொந்தமா? வேலை உள்ளவரைதான் வீடு. வேலை போனால் வீடும் போச்சு.

தூரம் போக வேண்டாம். பக்கத்துப் புத்ராஜெயாவைப் பாருங்கள். அங்கே இருந்தது பேராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கிலேயப் பட்டாளத்தார் 1921இல் திறந்தது. 1995இல் அங்கே புதிய நகரம் எழும்பத் தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகமே அங்கு வந்தது. பால் வெட்டிய நம் சனங்களில் பலர், நம் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. போகிற அவசரத்தில் பிள்ளையின் படிப்பை விட்டுவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் நாலாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். வாய்பாட்டில் புலி! ஒரு வெள்ளிக்கிழமை லாரியில் சாமான் ஏற்றிக் குடும்பத்தோடு கிள்ளான் பக்கம் போய்விட்டான். திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கடைத்தெருவில் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

“எந்தப் பள்ளிக்கூடம்டா படிக்கிற?”

“இன்னும் சேக்கல சார். பத்திரமெல்லாம் ஏதோ பெட்டியில இருக்குதாம்.”

அப்பனை மட்டும் குறை சொல்லலாமா? வாடகைக்காக அந்த மனுஷன் இரவு பகலாக உழைக்கிறார். அந்தத் திங்கட்கிழமையே நான் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. அது இன்றைக்கும் என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே, பெற்றோர்களே! பெட்டி கட்டும் முன்னே பள்ளிக்கு ஒரு நடை வாருங்கள். மாற்றலுக்கு எழுதிக் கொடுங்கள். பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் சட்டி பானையோடு போடாமல் கையிலே வைத்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் முதலில் பள்ளியைத் தேடுங்கள்; மற்ற சாமானைப் பிறகு அடுக்கலாம். 2003 முதல் ஆரம்பக் கல்வி இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம் என்பதையும் மறவாதீர்கள்.

தம்பி தங்கைகளே! கூடப் படிப்பவன் நாளைக்கு ஊர் மாறப்போகிறான் என்று தெரிந்தால், உடனே வாத்தியாரிடம் வந்து சொல்லுங்கள். நாங்களும் இனிக் கேட்காமல் இருக்கமாட்டோம்.

வீடு மாறலாம், ஊர் மாறலாம். பிள்ளையின் பெயர் ஏதாவது ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருந்துகொண்டே இருக்கட்டும்.