பத்திரத்தில் ஒரு தாய், பெற்றவள் வேறொருத்தி

(கல்முனைப் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையைப் பற்றி இக்கரை மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்நாளில் கல்முனை மருத்துவமனையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையை உலகம் ‘81ஆம் குழந்தை’ என்றே அழைத்தது. ஒன்பது தம்பதியர் உரிமை கோருகின்றனர் என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் முழங்கின. நீதிமன்றப் படியேறி வழக்காடியோரோ ஒரே தம்பதியர்! பிள்ளையின் பத்திரங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் பிள்ளை பெற்றவள் மடி சேர்ந்தது. ஏறத்தாழ ஏழு வாரம்!

இன்று நாம் பேச வந்தது நாற்பது ஆண்டுகளாகியும் அந்த நீதி கிட்டாதவர்களைப் பற்றி.

1970களிலும் 1980களிலும் இந்நாட்டிலிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்தாக அனுப்பப்பட்டனர். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் அப்போதும் இருந்தது. பெற்றவளின் சம்மதம் வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. தரகர்கள் என்ன செய்தார்கள்? சம்மதம் சொல்வதற்கென்றே கூலிக்குப் பெண்களைப் பிடித்துத் தாயாக நிறுத்தினார்கள்! பிள்ளை இறந்துவிட்டதென்று மருத்துவமனையில் தமக்குச் சொல்லப்பட்டதாகக் கூறும் தாய்மாரும் உளர். நாம் வழக்கறிஞர் கூட்டத்தைச் சேர்ந்தவர். முத்திரையிட்ட பத்திரத்தைக் கண்டால் மதிப்பது எமது தொழிற்பழக்கம். ஆயினும் இப்பத்திரங்களை நோக்குங்கால் எமக்கு வெட்கமே மேலிடுகின்றது. கல்முனைப் பிள்ளைக்குப் பத்திரம் இல்லை, பெற்றோர் இருந்தனர். இவர்களுக்கோ பத்திரம் குறைவற இருக்கின்றது; அதிலுள்ள தாய் பொய்.

வெள்ளையர் வாழும் சிற்றூரொன்றில் தான் ஒருத்தி மட்டும் கருநிறத்தவளாய் வளர்ந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். நீ எந்த நாட்டவள் என்று அண்டை வீட்டார் கேட்பர். இலங்கை மண்ணில் வந்து இறங்கினாலோ, முகத்தைக் கண்டு நம்மவள் என்று பேசத் தொடங்குவர். அவளுக்கோ தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. பத்திரத்திலுள்ள பெயரைத் தேடி, ஊர் கண்டு, வீடு கண்டு, உம்மா என்று கட்டியழுதபின், மரபணுப் பரிசோதனை இவள் உன் தாயல்லள் என்று சொல்லுமாயின்? இவ்விதம் ஏமாந்து திரும்பியோர் ஒருவரல்லர், இருவரல்லர்.

“வறுமையில் வாடியிருக்கவேண்டிய பிள்ளை சுகமாக வளர்ந்ததே” என்பார் உண்டு. வளர்த்தவரின் அன்பை அவர்களிற் பலர் மறுக்கவில்லை, நாமும் மறுக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத், முதலில் முஹம்மதின் மகன் என்றே அழைக்கப்பட்டார். வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்ற இறைகட்டளை வந்தபின் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். அதனால் வளர்த்த அன்பு குன்றிற்றா?

பிள்ளைகளை ஏற்ற நாடுகள் இன்று வாய்திறந்துள்ளன. 2020இல் சுவிட்சர்லாந்து அரசு வருத்தந் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து அரசு தான் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையைக் கண்டு அயல்நாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. நம் நாட்டில்? 1992இல் சட்டம் இறுக்கப்பட்டது உண்மையே. 2017இல் அமைச்சர் ராஜித சேனாரத்ன ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்தமையை டச்சுத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டு, மரபணுத் தரவகம் அமைக்கப்படும் என்றார். வாக்குறுதி கொடுப்பதில் நம் அமைச்சர்கள் என்றுமே கஞ்சத்தனம் காட்டியதில்லை!

எமது கோரிக்கை இது. பதிவாளர் நாயகத்தின் ஏடுகளையும், நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கோப்புகளையும், நீதிமன்றங்களின் பழைய வழக்கேடுகளையும் தத்துப் போனவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். தேடும் தாய்க்கும் பிள்ளைக்கும் அரச செலவிற் பரிசோதனை செய்ய வேண்டும். அத்துடன், தாயின் இரகசியம் காக்கப்பட வேண்டும். கன்னியாக இருந்து பெற்று, கொடுத்து, பின் மணமுடித்து, கணவனிடமுஞ் சொல்லாது வாழும் பெண்கள் உளர். அவர்கள் வாசலில் ஒலிபெருக்கியுடன் போய் நிற்பது நீதியாகாது.

நம் கரைக்கும் ஒரு வேலை உண்டு. ஆழிப்பேரலையிற் பெற்றோரை இழந்து மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பாண்டிருப்பிலும் உறவினர் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இன்று இருபதைக் கடந்துவிட்டனர். அவர்தம் உம்மாவையும் வாப்பாவையும் அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களும் கோயில் தர்மகர்த்தாக்களும் கிராம உத்தியோகத்தர்களும் ஒன்றாய் அமர்ந்து, பெயர், வீடு, குடும்ப வழி ஆகியவற்றைக் கேட்டெழுதத் தொடங்க வேண்டும். ஒரு கொப்பியும் பேனாவும் போதும். இதற்கு அமைச்சர் எவரும் வரவேண்டியதில்லை.