பத்து இறால், ஆறு மீன், ஒரு வாளி

இந்த எபிசோட்ல கோடிங் கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது. முழுக்க முழுக்க மீன்தொட்டிதான். "வீட்ல சின்னத் தொட்டி வாங்கியிருக்கேன், மீனும் இறாலும் சேர்த்து விடலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. விடலாம். ஆனா நான் விட்ட மாதிரி விடாதீங்க. அந்தக் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒர்க் ஃப்ரம் ஹோம்ல திருநெல்வேலி வீட்டுக்கு வந்திருந்த சமயம். மேசை ஓரமா வைக்க ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்துல ஒரு தொட்டி வாங்கினேன். விளிம்பு வரைக்கும் ஊத்தினா சுமார் 40 லிட்டர். அதே கடையில ஆறு டைகர் பார்ப், பத்து செர்ரி இறால், "அழுக்கைத் தின்னுரும்"னு சொல்லி ஒரு டேங்க் கிளீனர். "எல்லாம் சேருமாண்ணே?"ன்னு கேட்டேன். "சேரும் தம்பி"ன்னாங்க. சாயங்காலமே தண்ணி பிடிச்சு, எல்லாத்தையும் விட்டாச்சு. டெஸ்டிங்கே பண்ணாம நேரா ப்ரொடக்ஷனுக்குப் போன மாதிரி.

மூணாவது நாள் எண்ணினா நாலு இறால்தான் இருந்துச்சு. ஒரு வாரத்துல ஒண்ணுகூட இல்ல. ஒளிஞ்சிருக்கும்னு நினைச்சு கல்லையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். மீசைகூட மிச்சமில்ல.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். எது எதோட சேரும்ங்கறதுக்குப் பெரிய பட்டியல் எதுவும் மனப்பாடம் பண்ண வேண்டாம். மூணு கேள்வி போதும்: ரெண்டுக்கும் ஒரே தண்ணி ஒத்துவருமா? இதோட வாய்க்குள்ள அது போகுமா? வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?

முதல்ல தண்ணி. நம்ம ஊர்ல குழாயில வர்ற தாமிரபரணித் தண்ணி ஒரு ரகம், போர் தண்ணி வேற ரகம். ஆத்துத் தண்ணி பொதுவா மென்மையா இருக்கும், ஆனா குளோரின் கலந்து வரும். வாளியில பிடிச்சு ஒரு நாள் திறந்து வைங்க, இல்லன்னா குளோரின் நீக்கி சொட்டு விடுங்க. போர் தண்ணியில உப்பும் சுண்ணாம்பும் அதிகம். இறாலுக்கு ஓடு கட்ட கால்சியம் வேணும், அதனால ஓரளவு கடினத்தன்மை நல்லதுதான். அதிகமா போனா ஓடு கழட்டும்போது சிக்கும். வெறும் ஆர்ஓ தண்ணியிலயும் வளராது, அதுல தாது உப்பு கிட்டத்தட்ட கிடையாது. சும்மா ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வச்சுக்கங்க. வெயில்ல தண்ணி வத்தும்போது உப்பு அப்படியே தொட்டியிலதான் நிக்கும். அதனால வத்தின அளவுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி ஊத்துங்க. போர் தண்ணியையே திரும்பத் திரும்ப ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும்.

அடுத்து வெயில். நெல்லை மே மாசம் எப்படின்னு நான் சொல்லத் தேவையில்ல. தண்ணி சூடாக ஆக அதுல கரையற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில ஏழரைதான். செர்ரி இறாலுக்கு 20 முதல் 26 டிகிரி வரைக்கும் சுகம், 30-ஐத் தாண்டினா திணறும். தொட்டி மேல ஒரு சின்ன ஃபேன் வச்சா தண்ணி ஆவியாகி ரெண்டு மூணு டிகிரி இறங்கும். குளுமை கேக்கற கோல்ட்ஃபிஷ்ஷை இந்த ஊர்ல இந்த அளவுத் தொட்டிக்கு யோசிக்கவே வேண்டாம்.

தண்ணி சரியா இருந்தாலும் ஊத்தின அன்னைக்கே மீன் விடக்கூடாது. மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அந்தக் கூட்டம் ஃபில்டர்ல குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்தது நாலு மணி நேரம்.

ரெண்டாவது கேள்வி, வாய். வளர்ந்த செர்ரி இறாலே ஒரு இன்ச் சுமாருக்குத்தான் இருக்கும், குட்டி எறும்பை விடச் சின்னது. டைகர் பார்ப், ஏஞ்சல், கௌராமி, சிக்லிட் இதுக்கெல்லாம் இறால்னா தீனிதான். ஃபைட்டர் மீன் சிலது கண்டுக்காது, சிலது வேட்டையாடும். கப்பி மாதிரி சின்ன வாய் மீன் பெரிய இறாலை விட்டுரும், ஆனா குட்டி கண்ணுல பட்டா விடாது. அதனால தொட்டியில பாதிக்கு ஜாவா மாஸ் போட்டு வைங்க, குட்டிங்க அதுக்குள்ள தப்பிச்சுக்கும். இன்னொண்ணு, மீனுக்கு மருந்து வாங்கும்போது பாட்டில்ல காப்பர்னு இருக்கான்னு பாருங்க. செம்பு கலந்த மருந்து இறாலைக் கொன்னுரும்.

ஆத்துல பிடிச்ச இறாலையே விட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வேண்டாம் பாஸ். நீளமா இடுக்கி வச்ச ஆத்து இறால் ராத்திரில உங்க சின்ன மீனையே பிடிச்சுத் தின்னுரும்.

மூணாவது, வளர்த்தி. அந்த டேங்க் கிளீனர் கடையில ரெண்டு இன்ச். வளர்ந்தா ஒரு அடிக்கு மேல போகும். என் தொட்டியோட அகலமே ஒரு அடி!

இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணப் பார்த்தேன். இறால் எல்லாம் போச்சு, டேங்க் கிளீனர் வளர்ந்துக்கிட்டே இருக்கு. கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. கொல்ல மனசு வரல. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாளியில போட்டுக்கிட்டு குறுக்குத்துறைக்குப் போனேன். ஆத்துல விட்டா பிழைச்சுக்கும், புண்ணியம்தானேன்னு நினைப்பு.

படித்துறையில குளிச்சுக்கிட்டிருந்த ஒரு தாத்தா வாளியை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, மீனு விட வந்தியளோ?"

"ஆமா தாத்தா. வீட்ல வளர்க்க இடமில்ல."

"ஏன், இந்த ஆத்துல மீனு இல்லன்னு யாரும் சொன்னாவளா?"

அவர் கிண்டலாத்தான் கேட்டார். ஆனா எனக்கு பதில் சொல்லத் தெரியல. அப்படியே வாளியோட திரும்பி வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து இந்த ஆத்துல என்ன மீன் இருக்குன்னு தேடினேன். பொதிகையில பிறந்து புன்னக்காயல்ல கடல்ல சேர்ற தாமிரபரணியில மட்டுமே வாழற ஒரு கெண்டை இனம் இருக்கு. அறிவியல் பேரு டாக்கின்சியா தம்ப்ரபர்னியை. 1954-ல ஈ.ஜி. சைலஸ்ங்கற விஞ்ஞானி விவரிச்சு, நம்ம ஆத்துப் பேரையே வச்சார். 2012-ல அந்த வகை மீன்களைத் தனிப் பேரினமாப் பிரிச்சப்போ, ரிச்சர்ட் டாக்கின்ஸ் பேரும் முன்னாடி சேர்ந்துச்சு. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்புல நூல் நூலா நீண்டிருக்கும். வெளிநாட்டு மீன் வளர்ப்பாளர்களுக்கு இது தெரியும். குறுக்குத்துறையிலேர்ந்து கொஞ்ச தூரத்துல வளர்ந்த எனக்குத் தெரியாது. ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல்ல அது அழிவின் விளிம்பை நோக்கிப் போற இனம்.

என் வாளியில இருந்தது தென் அமெரிக்க மீன். ஆந்திராவுலயும் மேற்கு வங்கத்துலயும் நீர்நிலைகள்ல பெருகி, வலையைக் கிழிச்சு, கரையில வளை தோண்டி மீனவங்களைப் படாத பாடு படுத்துது. நாம சாப்பிடற ஜிலேபிக் கெண்டையே ஆப்பிரிக்காவுலேர்ந்து 1952-ல இந்தியாவுக்கு வந்ததுதான். இன்னைக்கு அது இல்லாத குளம் எங்க இருக்கு? தொட்டியில டைகர் பார்ப் என் இறாலுக்கு என்ன பண்ணுச்சோ, அதையே நான் ஆத்துக்குப் பண்ணப் பார்த்தேன். சேருமான்னு யோசிக்காமலே விட்டுர்றது. தொட்டியில தப்புப் பண்ணினா தண்ணியைக் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். ஆத்துல அப்படி முடியாது.

டேங்க் கிளீனரை பெரிய தொட்டி வச்சிருந்த ஒரு நண்பன்கிட்ட கொடுத்தேன், பார்ப்களையும் சேர்த்து. நீங்களும் வளர்க்க முடியலன்னா வேற ஆளைத் தேடிக் கொடுங்க. ஆறு, குளம், கோயில் தெப்பம் எதுலயும் விடாதீங்க. அதே மாதிரி ஆத்துலேர்ந்து அந்த அபூர்வக் கெண்டையைப் பிடிச்சு வரவும் வேண்டாம். கூட்டமா ஓடற தண்ணியில வாழற மீனுக்கு 40 லிட்டர் ஜெயில்தான்.

இப்ப என் தொட்டியில என்ன இருக்குன்னா: ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், நிறைய மாஸ், பத்து செர்ரி இறால், ஆறு கப்பி. ஆறும் ஆண். ஒரு பெண் சேர்ந்தாலும் மாசத்துக்கு ஒரு ஈடு குட்டி போடும், திரும்பவும் வாளியைத் தூக்க வேண்டியதுதான். அஞ்சு வாரம் வெறும் தண்ணி ஓடவிட்டு, மீன் தீனியைத் துளித் துளியாப் போட்டு பாக்டீரியாவை வளர்த்தேன். முதல்ல இறால், அது பழகி ரெண்டு வாரம் கழிச்சு மீன். நடுவுல ஒரு நாள் வெள்ளையா ஒரு இறால் செத்துக் கிடக்குன்னு பதறிட்டேன். பார்த்தா கழட்டிப் போட்ட ஓடு! அதை எடுத்துறாதீங்க, அதுங்களே தின்னு கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கும்.

நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மாஸ்ல மூணு குட்டி. எண்ணினது மூணு, இன்னும் இருக்கலாம்.

உங்க தொட்டியில யாரெல்லாம் குடியிருக்காங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே, வரட்டா!