குரங்கைப் படித்தவர்கள் கண்டது
(தோட்டத்து வாசிகசாலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குரங்கைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று பின்னால் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரியுங்க. லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சியும் கரட்டும் ஒரே காலையில் போய்விட்டால் சிரிப்பு வராது.

குரங்கு, மந்தி, தேவாங்கு இவற்றை ஆராய்வதற்கென்றே ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. முதனியியல் என்று புத்தகத்தில் போடுவார்கள். அதில் உலகம் பேசும் வேலை ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1968இல் வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் பொலன்னறுவையில் செங்குரங்குகளைக் கவனிக்கத் தொடங்கினார். சிங்களத்தில் ரிலவா என்கிறோமே, அதுதான். இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் அது பிறப்பதில்லை. அந்த ஆய்வு அரை நூற்றாண்டையும் தாண்டியது.

எப்படிக் கவனித்தார்கள்? கங்காணி தன் ஆட்களை அடையாளம் வைத்திருப்பது போல, ஒவ்வொரு குரங்கையும் முகத்தையும் தழும்பையும் பார்த்தே தெரிந்து வைத்தார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே இருக்கும். ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். நம்மிடையே பெண்பிள்ளையைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம், அங்கே தலைகீழ்! தாய்க்கு என்ன மதிப்போ அதுதான் மகளுக்கும். தாழ்ந்த குடும்பத்துக் குட்டி பழத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்தாலும், பெரியது வந்து வாயைப் பிளந்து எடுத்துவிடும். கேட்கவே பாவமாக இருக்கிறது.

இதனால், இயற்கையான காட்டில் பத்துக் குட்டிகளில் எட்டுக்கு மேல் வளர்ந்து ஆளாவதற்குள் செத்துப்போகும். பிறப்பும் சாவும் சரிக்குச் சரி, கூட்டம் பெருகாது. ஆனால் குப்பைமேட்டில் சோறும் மரக்கறித் தோலும் தினமும் கிடைத்தால் சாக வேண்டிய குட்டி பிழைக்கிறது, கூட்டம் பெருகுகிறது. இங்கேதான் நம்ம கதை வருகிறது. லயத்துக் குப்பைக் குழியைத் திறந்து போட்டுவிட்டு, கல்லெடுத்து விரட்டி என்ன பயன்?

2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் பேச்சு வந்தது, வழக்கும் வந்தது, அனுப்பவில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் நாடு முழுக்க எண்ணச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் தலையை எண்ணலாம். ஏன் பெருகியது என்பதற்கு ஐம்பது வருடம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. என் அபிப்பிராயம் அது.

இன்னொன்று. மலையிலே அடர்ந்த மயிரோடு கரிய மந்தி இருக்கிறதே, அது வேறு சாதி. பெரும்பாலும் இலைதான் தின்னும், கன்னப்பை கிடையாது. தோட்டத்துக்கு வரவே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் செங்குரங்கு செய்ததற்கெல்லாம் அதை அடிக்காதீர்கள். தேவாங்கும் அப்படித்தான். ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்தார்கள்; 2009இல்தான் படம் பிடித்தார்கள். கண்மருந்து, மந்திரம் என்று யாராவது அதைப் பிடித்துக் கேட்டால் கொடுக்காதீங்க.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கையில் பண்டத்தை வைத்துக்கொண்டு குரங்கிடம் விளையாடாதீர்கள். கடித்தால், கீறினால், உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. காயம் சின்னது என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மலைக்குப் போய்விடாதீர்கள்.