விதைக்கு நிற்கும் சேவல்



தீபாவளிக்கு முதல் நாள் நமது தோட்டங்களில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் மேய்கின்ற கோழிகளில் எது பெரியதோ, எது நெஞ்சு திரண்டு நிமிர்ந்து நடக்கிறதோ, அதைத்தான் நாம் பிடிக்கிறோம். ஓரமாய் ஒதுங்கி நிற்கும் நோஞ்சான் சேவலைப் பார்த்து, "இது கிடக்கட்டும், இதில் என்ன கறி இருக்கப் போகிறது?" என்று விட்டுவிடுகிறோம். அடுத்த ஆண்டு பொரிக்கப்போகும் குஞ்சுகளுக்குத் தகப்பன் யார்? அந்த நோஞ்சான் சேவல்தான்!

நெல் விதைப்பவர் பதரை விதைக்கு எடுத்து வைப்பதில்லை. கோழி வளர்ப்பில் மட்டும் நாம் நல்லதைத் தின்றுவிட்டு, பதரை விதைக்கு வைக்கிறோம். வீட்டிலேயே கலப்பு முறையில் இறைச்சிக் கோழிகளை உருவாக்கி, அந்தக் கூட்டம் ஆண்டுதோறும் நலியாமல் நிலைத்திருக்கச் செய்வது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச இருக்கிறோம்.

கடையில் கோழி கிடைக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, தோட்டத்திலிருந்து பட்டணத்துச் சந்தைக்குப் போவதே பெரும்பாடாயிற்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், நாட்டுக்குள்ளேயே கோழி போதவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்தினார்கள். 2023-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கோழிக்கான உதவித் தொகையும் விலைக் கட்டுப்பாடும் முடிவுக்கு வந்தன. கடைக் கோழியின் விலை நம் கையில் இல்லை என்பதை இந்த மூன்று தேதிகளும் நமக்குக் கற்பித்தன. பிள்ளைகளின் தட்டில் வாரம் ஒருமுறையாவது கறி இருக்க வேண்டுமானால், கொல்லையில் பத்துக் கோழி நிற்பது நல்லது.

நாங்கள் ஏதோ எல்லாம் தெரிந்தவர்களாக இதைச் சொல்லவில்லை. எங்கள் பள்ளியின் பின்புறம் மாணவர்களுக்காக ஒரு கோழிக்கூடு போட்டோம். ஐந்து பெட்டைகள், ஒரு சேவல், எல்லாம் கம்பத்துக் கோழிகள். முதல் ஆண்டு குஞ்சுகள் துறுதுறுவென்று ஓடின. அதே சேவல், பிறகு அதன் மகன் என்று வெளியிலிருந்து ஒரு கோழியும் வராமல் நான்கு ஆண்டுகள் கழிந்தன. நான்காம் ஆண்டில், பத்து முட்டை வைத்தால் நான்கு பொரிப்பதே அரிதாகிவிட்டது. பொரித்த குஞ்சுகளும் இறக்கை தொங்கி நின்றன. தீவனத்தைக் குறை சொன்னோம், மழையைக் குறை சொன்னோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கோழிக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "சார், நல்ல கோழியெல்லாம் பள்ளி விருந்துக்குப் போயிடுச்சு. இப்ப நாம வச்சிருக்கிறதெல்லாம் யாரும் வாங்காதது சார்."

பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்த நாங்கள், அந்தப் பிள்ளையிடம் பாடம் கேட்டோம். தவறு இரண்டு. ஒன்று, நல்லதை விற்று நலிந்ததை வைத்தது. மற்றொன்று, ஒரே இரத்தத்தை மீண்டும் மீண்டும் சேர்த்தது. நெருங்கிய உறவுக் கோழிகள் கூடும்போது, மறைந்து கிடந்த குறைகள் வெளிப்படுகின்றன. முட்டை பொரிப்பது குறைகிறது. நோயைத் தாங்கும் வலிமையும் குறைகிறது.

இதற்கு மாற்றுத்தான் கலப்பு. உறவில்லாத இரண்டு இனங்களைச் சேர்த்தால், முதல் தலைமுறைக் குஞ்சுகள் பெரும்பாலும் நன்கு தேறி வளரும். இதனைக் கலப்பு வீரியம் என்பார்கள். கடையில் விற்கும் வெள்ளைக் கோழியும் இப்படிப் பிறந்ததே. 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி நடந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த வான்ட்ரஸ் என்பவர் கார்னிஷ் இனத்தையும் நியூ ஹாம்ப்ஷயர் இனத்தையும் கலந்து அதில் வென்றார். அந்தக் கார்னிஷ் கோழிக்கு இங்கிலாந்தில் முதலில் வழங்கிய பெயர் 'இந்தியன் கேம்'. நம் முன்னோர் அறிந்த அசில் என்னும் சண்டைக் கோழியின் இரத்தம் அதில் ஓடுகிறது. உலகம் தின்னும் கோழியின் அகன்ற நெஞ்சில் நம் பக்கத்துச் சேவலுக்கும் பங்குண்டு, நேயர்களே!

அப்படியானால் கடைக் கோழியையே வாங்கி வளர்த்து அதிலிருந்து குஞ்சு எடுக்கலாமா? வேண்டாம். அது ஐந்தாறு வாரத்தில் அறுப்பதற்கென்றே பல இனங்களைக் கலந்து உண்டாக்கியது. வயது ஏற ஏற உடல் கனத்து, கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும். அடையும் காக்காது. அதன் குஞ்சுகள் அதனைப்போலவே அமையும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

நமக்கேற்ற வழி வேறு. தாயாகக் கம்பத்துக் கோழியை வைத்துக் கொள்ளுங்கள். அது சிறியதுதான். ஆயினும் தானே இரை தேடும், வெயிலையும் மழையையும் தாங்கும், இருபத்தொரு நாள் அடைகாத்துப் பொரித்து, பருந்து வந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக் கொள்ளும். தகப்பனாக ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக் போன்ற கனத்த இனத்துச் சேவல் ஒன்றைத் தேடுங்கள். வளர்ந்த ரோட் ஐலண்ட் ரெட் சேவல் நான்கு கிலோவை நெருங்கும். இளஞ்சேவலாகப் பார்த்து வாங்குவது நல்லது. முதிர்ந்த சேவலின் பாரம் சின்னப் பெட்டையின் முதுகைக் காயப்படுத்திவிடும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய சேவலை அப்புறப்படுத்தியவுடனே வரும் முட்டைகள் புதுச் சேவலின் வாரிசுகள் என்று எண்ணிவிடாதீர்கள். பெட்டையின் உடலில் பழைய சேவலின் வித்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆகவே மூன்று வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகே அடை வையுங்கள்.

முதல் கலப்புக் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தவுடன் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். அந்தக் குஞ்சுகளையே ஒன்றோடொன்று சேர்த்து, பேரக் குஞ்சுகளும் அப்படியே வரும் என்று காத்திருக்கிறார்கள். வருவதில்லை. ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். ஒன்றுக்கு ஒற்றைக் கொண்டை, ஒன்றுக்கு வேறு கொண்டை. மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடியில் கண்ட விதி கோழிக்கும் பொருந்தும் என்பதை, 1902-ஆம் ஆண்டிலேயே பேட்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் கோழிக் கொண்டைகளைக் கொண்டு காட்டினார். முதல் தலைமுறையில் ஒன்றாகக் கலந்தவை இரண்டாம் தலைமுறையில் பிரிந்து பலவிதமாகத் தோன்றும். இது கண்டு மனம் தளர வேண்டாம். இந்தப் பலவிதத்திலிருந்து பொறுக்கி எடுப்பதே நமது வேலை.

எப்படிப் பொறுக்குவது? குஞ்சுகளுக்குப் பன்னிரண்டு வாரம் ஆனதும் ஒவ்வொன்றையும் ஒரு பையில் இட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். காலில் வண்ண வளையம் மாட்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கால் பருக்கும்போது வளையம் இறுகாமல் மாற்றிவிட வேண்டும். எடையில் முதலாவதாக வருவது, ஒருநாளும் சோர்ந்து நிற்காதது, கால் நேராக உள்ளது, இவற்றை விதைக்கு வையுங்கள். பெட்டைகளில் ஒழுங்காக அடைகாப்பதைப் பாருங்கள். கனத்த இனத்தின் இரத்தம் ஏற ஏற அடைகாக்கும் குணம் குறைந்து போகும். ஆகவே நல்ல கம்பத்துப் பெட்டை இரண்டையாவது எப்போதும் கையில் வைத்திருங்கள். மற்றவை சட்டிக்குப் போகட்டும். பண்டிகை வந்தாலும், மாமன் மச்சான் வந்தாலும், விதைச் சேவல் மீது கை வைப்பதில்லை என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

அடுத்தது, இரத்தம் நெருங்காமல் காப்பது. ஒரு வீட்டுக்கு இது கடினம். மூன்று வீடுகள் சேர்ந்தால் எளிது. முதல் வீட்டில் பிறந்த சிறந்த சேவல் இரண்டாம் வீட்டுக்குப் போகட்டும். இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கும் போகட்டும். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இதே திசையில் மாற்றிக்கொண்டு வந்தால், எந்தச் சேவலும் தன் தாயையோ, உடன்பிறந்ததையோ, தன் மகளையோ கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு புதுச் சேவல் வந்தால் இன்னும் நல்லது. ஒரே வரிசையில் குடியிருக்கும் மூன்று குடும்பங்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? குழம்புக்கு மிளகாய்த் தூள் மாற்றிக் கொள்கிறோம். சேவல் மாற்றிக் கொள்ளக் கூடாதா?

ஒன்றை மறக்கக் கூடாது. எவ்வளவு நல்ல இரத்தமானாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். மலாய்க்கார நண்பர்கள் சம்பார் என்று சொல்வதும் இதைத்தான். இதற்கு மருந்தில்லை, தடுப்பூசிதான் உண்டு. வட்டாரக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்டு, குஞ்சுப் பருவத்திலேயே போட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வரும் சேவலை இரண்டு வாரம் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். இரவில் மூசாங் நுழையாதபடி கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, கம்பி வலை அடியுங்கள். சின்னக் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் குஞ்சுத் தீவனம் கொடுங்கள். பிறகு கறையான், தேங்காய்ப் பூ, கீரைத் தண்டு, மிஞ்சிய சோறு என்று பழக்கலாம்.

எங்கள் பள்ளிக் கூட்டில் இப்போது பழைய வம்சம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியோடும் ஒரு பெற்றோர் வீட்டோடும் சேவல் மாற்றிக் கொள்கிறோம். கூட்டின் கதவில் மாணவர்கள் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். "சிவப்பு வளையம் விற்பனைக்கு அல்ல" என்று அதில் எழுதியிருக்கிறது. ஒருமுறை விருந்துக்கு வந்த ஒருவர், அந்தச் சிவப்பு வளையச் சேவலுக்கு நல்ல விலை தருவதாகச் சொன்னார். எங்களுக்கே சற்று ஆசையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பலகையைக் காட்டினார்கள்.

வரும் தீபாவளிக்குக் கத்தியை எடுப்பதற்கு முன், உங்கள் கூட்டில் எந்தச் சேவலுக்குச் சிவப்பு வளையம் மாட்ட வேண்டும் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டுத் தீபாவளிக் கறி அதன் காலடியில் இருக்கிறது.