நிழல் யாருக்கு?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பசுமைன்னு யாராவது பேச்செடுத்தா நம்ம ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது புரிகிறது. 'ஆற்றைச் சுத்தம் செய்கிறோம்' என்று சொன்னபோதெல்லாம் புல்டோசர் வந்து நின்றது நம் குடிசை வாசலில்தான். ஆனாலும் நாம் இதைப் பேசித்தான் ஆகணும். வெயில் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது. அந்த வெயிலில் ரோடு கூட்டுகிறவர்களும் சித்தாள் வேலை பார்க்கிறவர்களும் யார்?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நீர்நிலைகளை மறித்து எழும்பிய பெரிய கட்டடங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த ஏழைகள்தான் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள். அவர்களைக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களில் ஏற்றினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம்னு சொல்லி வெள்ளம் வந்து தேங்குகிற பள்ளத்திலேயே குடிவைத்தார்கள். 2023 மிக்ஜாம் புயலில் அங்கே தண்ணீர் சூழ்ந்தது. 2022ல் அந்தச் சதுப்புக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் நகரத்துக் குப்பையைப் பெருங்குடியில் அதே சதுப்பில் பல பத்தாண்டுகளாகக் கொட்டியதும் இதே ஊர்தான்.

அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011ல் திறக்கப்பட்டது. சூழலியல் நோக்கில் நல்ல வேலைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளும் முன்அனுமதி வாங்கியவர்களும்தான் உள்ளே போக முடிந்தது. பக்கத்துக் குப்பத்துப் பாட்டி நினைத்த நேரத்தில் காலாற நடக்க அப்போது அங்கே வழியிருக்கவில்லை.

1924ல் மகாத் நகராட்சி சவதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. காகிதத்தில் பொதுதான்! 1927ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு போய்த் தண்ணீரைத் தொட வேண்டியிருந்தது. பூங்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளம்தான் ஞாபகம் வருகிறது. குளத்துக்குத் தீண்டாமைன்னா, பூங்காவுக்குக் கம்பிவேலியும் காவலாளியின் பார்வையும். 'பொது' என்கிற சொல்லை நாம் எப்போதும் உரசிப் பார்த்துத்தான் வாங்கணும்.

மரம் என்ன செய்கிறதுன்னு கொஞ்சம் பார்ப்போம். நிழல் தருவது ஒன்று. வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக விடுகிறது, அப்போது சுற்றியுள்ள சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. சிமெண்ட் அப்படியில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் கக்கும். வேலை முடிந்து வந்து படுக்கிற நேரத்தில்தான் மறுகுடியமர்வுக் கட்டடத்துச் சுவர் நம்மைச் சுடும். அங்கே காசு கொட்டிப் புல்தரை போடுவது வீண்வேலை. புல் தண்ணீரைத்தான் குடிக்கும், நிழல் தராது.

எந்த மரம் என்பதும் கேள்விதான். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். அழகுக்கென்று நட்ட குல்மோகரும் தூங்குமூஞ்சியும் ரோட்டில் சாய்ந்து கிடந்தன. மரத்தை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசிவிட்டு, கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டி வேரை வெட்டினால் எது நிற்கும்? புங்கன், பூவரசு, வேம்பு, புன்னை இதெல்லாம் நம்ம மண்ணுக்குத் தெரிந்தவை. நாற்றுக்கும் பஞ்சமில்லை.

2020லிருந்து மாநகராட்சி மியாவாக்கி காடுகளை நட்டுவருகிறது. நெருக்கமாக நடுவதால் சீக்கிரம் வளர்கிறது, பறவைக்கும் பூச்சிக்கும் நல்லது. ஆனால் அதற்குள் கட்டில் போட்டு உட்கார முடியாது. நமக்கு வேண்டியது பஸ் ஸ்டாப்பில், பம்படியில், பால்வாடி வாசலில், தள்ளுவண்டி நிற்கிற இடத்தில் மரம். நட்ட கன்றுக்கு முதல் மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்த வேலையை அதே குடியிருப்புக்காரர்களுக்கு முறையான சம்பளத்தோடு கொடு என்று கேட்போம். 'சமூக சேவை'ன்னு ஓசியில் வாங்க விடாதீர்கள். ஓசி உழைப்பை நம்மகிட்ட ரொம்ப காலமா வாங்கிட்டாங்க.

அதற்கு முன்னால் கணக்கு வேண்டும். இரண்டிரண்டு பேராகக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். ஒவ்வொரு தெருவிலும் எத்தனை மரம், எத்தனை பேருக்கு நிழல், பொம்பளைங்க எங்கே உட்காருகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அதே நேரத்தில் இன்னொரு குழு போட் கிளப் சாலையில் எண்ணட்டும். இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடம் முதலில் போவோம், பிறகு ரிப்பன் மாளிகைக்கு.