என்ஸ்கெடேயா, குரோனாவா?

நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்தில் என்ஸ்கெடே என்று ஓர் ஊர். அங்கே ரயில் ஏறினால் சற்று நேரத்தில் ஜெர்மனியின் குரோனாவ் வந்துவிடும். இரண்டுமே நூலாலும் துணியாலும் வளர்ந்த ஊர்கள். துணித் தொழில் சரியத் தொடங்கிய காலத்தில், 1961இல், என்ஸ்கெடேயில் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தை நிறுவினார்கள். இன்று அது ட்வென்டே பல்கலைக்கழகம். பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. விசைத்தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகள் டிப்ளமோ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறார்கள். அடுத்து வெளிநாடு என்று பேச்சு வரும்போது, ஜெர்மனியா நெதர்லாந்தா என்று கேட்கிறார்கள்.

எல்லை நமக்குப் புதிதல்ல. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நம் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இங்கே குடியிருந்துகொண்டு ஆந்திராவில் நகரிப் பக்கம் வேலைக்குப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நெதர்லாந்து-ஜெர்மனி எல்லையிலும் வேலி கிடையாது. வீடு மலிவு என்று டச்சுக்காரர்கள் பலர் குரோனாவில் குடியிருக்கிறார்கள். அதைப் பார்த்து நம் ஆள் அப்படியே செய்துவிட முடியாது. ஒரு நாடு தரும் வசிப்பு அட்டையை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டில் 180 நாளில் 90 நாள் ஊர் சுற்றலாம், அவ்வளவுதான். குடியிருக்க வேறு அனுமதி, வேலை செய்ய வேறு அனுமதி. ஆகவே எந்தப் பக்கம் என்பதை இங்கேயே முடிவுசெய்துவிட்டுப் போக வேண்டும்.

நெதர்லாந்தில் கதவைத் திறப்பது கம்பெனி. அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் உங்களை வேண்டும் என்று சொல்லி, அதுவே விண்ணப்பமும் போடும். சம்பளத்துக்குக் கீழ்வரம்பு உண்டு. 2025இல் முப்பது வயதுக்குக் கீழே என்றால் மாதம் 4,171 யூரோ, முப்பதும் அதற்கு மேலும் என்றால் 5,688 யூரோ என்றிருந்தது. இவ்வளவு கொடுத்து எடுக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் சாப்ட்வேர், சிப் வடிவமைப்பு, ஆராய்ச்சி என்றுதான் இருக்கும். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். வெளிநாட்டிலிருந்து வருவோருக்குச் சில ஆண்டுகள் வரிச்சலுகையும் உண்டு. நம்மூர் தீபாவளி போனஸ் மாதிரி, மே மாத வாக்கில் ஆண்டுச் சம்பளத்தில் 8 சதவீதம் விடுமுறைப் பணமாகக் கைக்கு வரும்.

சிக்கல் வீடுதான். வாடகை அதிகம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். போய் இறங்கியதும் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், பதிந்தால்தான் குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். சில வீட்டுக்காரர்கள் அறையைக் கொடுத்துவிட்டு, "இந்த முகவரியில் பதியக் கூடாது" என்பார்கள். அப்படிப்பட்ட அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஜெர்மனி வேறு மாதிரி. கைத்தொழில் தெரிந்தவனுக்கும் அங்கே இடம் இருக்கிறது. 2024 மார்ச் முதல் ஒரு வழி திறந்திருக்கிறது: இந்திய அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டாண்டுப் படிப்பு, அதன்மேல் இரண்டாண்டு அனுபவம், கையில் வேலை உத்தரவு. 2025 கணக்கில் ஆண்டுச் சம்பளம் பொதுவாக 43,470 யூரோவுக்குக் குறையக் கூடாது என்றிருந்தது. நம் சிப்காட் ஃபிட்டருக்கு இது பொருந்தக்கூடிய வழி. நர்சுகளுக்கு இது செல்லாது. அவர்கள் படிப்பை அங்கே முறைப்படி அங்கீகரிக்க வைத்து, ஜெர்மன் மொழியிலும் பி2 அளவு தேற வேண்டும்.

ஃபிட்டருக்குச் சட்டம் மொழியைக் கேட்காமல் விடலாம், ஷாப் ஃப்ளோரில் ஃபோர்மேன் விடமாட்டார். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு எங்கோ படித்து, பி1 வரைக்குமாவது ஏறிவிட்டுக் கிளம்புவது நல்லது. நெதர்லாந்துக்கு ஆசைப்படும் டிப்ளமோ பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: அங்கே உன்னைக் கூப்பிட ஆள் வேண்டும், ஜெர்மனிக்கு நீயே தயாராகலாம்.

சம்பளச் சீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். ஜெர்மனியில் தனி ஆளுக்கு மாதம் 4,000 யூரோ என்றால் கைக்கு வருவது சுமார் 2,600. கல்யாணம் ஆனவர் என்றாலும் மனைவி ஊரிலேயே இருந்தால் பொதுவாகத் தனி ஆள் கணக்குதான். முகவரி பதியும் படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எழுதினால், வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் சர்ச் வரி. ஆனால் பிடிக்கிற பணத்துக்குப் பலனும் உண்டு. வேலைக்குப் போகாத மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அரசு மருத்துவக் காப்பீட்டில் கூடுதல் காசில்லாமல் சேர்ந்துவிடுவார்கள். நெதர்லாந்தில் மனைவிக்கும் தனியாக பிரீமியம் கட்ட வேண்டும்.

கடைசியாக ஏஜென்ட் விஷயம். முதலில் கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், அதற்கும் ரசீது உண்டு. "நெதர்லாந்து விசா எடுத்துத் தருகிறேன், வேலையைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது டிப்ளமோ பையனிடம் சொன்னால், விண்ணப்பம் போடப்போகும் டச்சுக் கம்பெனியின் பெயரைக் கேளுங்கள்.